மூன்றாவது காப்பி

சரயேவோவுக்கு மூன்று நாள் சுற்றிப் பார்க்க வருகிறவன் என்னென்ன கேட்பான் என்பது ஜெனிதாவுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். எந்தக் கடையில் செவாபி என்கிற சுட்ட கறி நன்றாக இருக்கும்? போர்க்காலச் சுரங்கத்துக்கு எப்படிப் போவது? கோட்டை மேட்டில் சூரியன் மறைவதைப் பார்க்க எப்போது ஏற வேண்டும்? குழாய்த் தண்ணீரைக் குடித்தால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதே? இந்த நான்கையும் கேட்காத வெளியூர்க்காரன் இன்னும் பிறக்கவில்லை என்று நினைத்திருந்தாள்.

போன வாரம் ஒருவன் பிறந்துவிட்டான்.

பெயர் ஓலா ஹோல்ம். டென்மார்க்கிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். நிதானமான ஆங்கிலம். "கோட்டை வேண்டாம். சுரங்கம் வேண்டாம். கடைத்தெரு வேண்டாம். வ்ராட்னிக் மேட்டில் முனெவெரா என்கிற அம்மாள் அறை வாடகைக்கு விடுகிறாராமே, அந்த வீட்டு மாடியறை வேண்டும். அக்ரூட் மரத்தைப் பார்த்த ஜன்னல் இருக்கிற அறை. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எதுவும் வைக்காதீர்கள். சொந்த வேலை இருக்கிறது."

ஜெனிதா சரி என்று எழுதிக்கொண்டாள். கமிஷன் கண்ணை மறைத்தது.

அவள் சட்டம் படித்தவள். அவள் பரம்பரையில் கல்லூரிப் படிக்கட்டை மிதித்த முதல் ஆள். அப்பா டிராம் ஓட்டுகிறவர், அம்மா நீதிமன்றத் தரையைத் துடைத்தவள். முதல் வகுப்பில் தேறி, ஆற்றங்கரை நோட்டரி அலுவலகத்தில் வேலை கேட்டுப் போனபோது அவர்கள் சட்டத்திலிருந்து ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "அப்பா யாரு?" என்று மட்டும் கேட்டார்கள். சொன்னாள். வேலை யாரோ ஒரு பெரிய மனிதரின் மருமகனுக்குப் போனது. அன்றைக்குப் பிடித்த கோபம் இன்னும் இறங்கவில்லை. ஒரு சந்துக் கடையைப் பிடித்துப் பலகை மாட்டினாள். பெரிய எழுத்தில் 'வார இறுதிப் பயணத் திட்டங்கள்'. அதன் கீழே சின்ன எழுத்தில் 'துப்பறியும் விசாரணைகள்'. கீழே இருந்தது பிடித்த தொழில். மேலே இருந்தது சோறு போட்ட தொழில்.

அந்த வெள்ளிக்கிழமை காலை முனெவெரா கடைக்குள் நுழைந்தபோது முக்காடு ஒரு பக்கம் சரிந்திருந்தது, மூச்சு வாங்கியது. ஐம்பத்தெட்டு வயது, விதவை, பிள்ளை இல்லை. அவளுக்கு இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

"மகளே, நீ அனுப்பி வச்சிருக்கியே ஒரு ஆளு, அவன் ஊர் பாக்க வந்தவன் இல்ல. என் வீட்டைப் பாக்க வந்தவன்."

"உக்காருங்க அத்தை. என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் பயமா இருக்கு. ரெண்டு நாளா வெளியவே போகல. அந்த மரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். பாஸ்போர்ட்டைக் குடுப்பா, போலீஸ்ல பதியணும்னா, நாளைக்குங்கறான்."

மூலையில் நாற்காலியைச் சாய்த்து உட்கார்ந்திருந்த ஃபிக்ரெத் வாயைத் திறந்தான். முன்னாள் டாக்சிக்காரன், இந்நாள் உதவியாளன். ஒரு மந்திரியின் காரை இடித்துவிட்டு இறங்கிப்போய், "இது உங்க பணமா, எங்க பணமா?" என்று கேட்டதில் உரிமம் போனவன். வண்டி மட்டும் மிச்சம்.

"மரத்துமேல ஆசை வந்திருக்கும். அவங்க ஊர்ல எல்லாமே பிளாஸ்டிக்குன்னு கேள்வி."

"மரமா அது? சனியன்!" என்றாள் முனெவெரா. "வருசா வருசம் வேரு உள்ள போயி சாக்கடைக் குழாயை உடைக்குது. ப்ளம்பருக்குக் குடுத்தே நான் தேஞ்சு போனேன்."

"வெட்டிப் போட வேண்டியதுதானே?"

"அது முடியாது" என்றாள், வெடுக்கென்று. ஏன் முடியாது என்று சொல்லவில்லை.

ஜெனிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முனெவெரா வீட்டு விளம்பரத்துக்குப் படம் எடுத்தவளே அவள்தான். சந்துப் பக்கம் நின்று எடுத்த படம். அதில் அக்ரூட் மரமே கிடையாது. பிறகு அந்த டென்மார்க்காரனுக்கு மரம் எப்படித் தெரியும்?

"வேற என்ன செய்யறான், அத்தை? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? அடக்கமான பையன்தான். செருப்பை வாசல்ல விடறான். நான் ஜன்னலைத் திறந்தா உடனே எழுந்திருச்சுப் போயி எதிர்க்கதவைச் சாத்தறான்."

"எதுக்குச் சாத்தறான்?"

முனெவெரா அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "குறுக்குக் காத்து அடிச்சா கழுத்து பிடிச்சுக்காதா? நரம்பு இழுத்துக்கிட்டா யாரு பாக்கறது?"

ஃபிக்ரெத்தின் நாற்காலி நாலு காலிலும் வந்து நின்றது.

"அத்தை, குறுக்குக் காத்துல கழுத்து போகும்னு நம்ம ஊருக்குத்தான் தெரியும். டென்மார்க்ல குழந்தையைத் தள்ளுவண்டியோட பனியில தூங்கப் போடறானுங்க."

பிறகு முனெவெரா குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் நெஜாத் வந்தான்."

நெஜாத் அவளுடைய இறந்துபோன கணவர் ஹம்தியாவின் அண்ணன் மகன். வீடு, மனைத் தரகன். வ்ராட்னிக் மேட்டைச் சந்து சந்தாக வாங்கி ஓட்டல் கட்டுகிறவர்களுக்கு வாசல் காட்டுகிறவன்.

"'சித்தி, நீங்களா வித்தா மரியாதை. இல்லேன்னா உரியவன் வந்து தெருவுல விடுவான்'னு சொல்லிட்டுப் போனான். யாருடா உரியவன்னு கேட்டேன், சிரிச்சான். மகளே, இவன்தான் அந்த உரியவனா? இல்ல, நெஜாத் அனுப்பின ஆளா? எதுன்னாலும் எனக்கு இன்னிக்கே தெரியணும். இந்த வீட்டை விட்டா எனக்குப் போக்கிடம் கிடையாது."

ஜெனிதா எழுந்து கடைச்சாவியை எடுத்தாள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் சொந்த வேலை என்றானே, அந்த மதியத்துக்கு அதிக நேரம் இல்லை.

*

ஓலா ஹோல்ம் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். நாற்பதை நெருங்குகிற வயது, ஒல்லி, முன்வழுக்கை. முனெவெரா கொடுத்த வீட்டுச் செருப்பு காலுக்குச் சிறியதாக இருந்தது. பயணத் திட்டம் தந்தவள், பயணம் திருப்தியா என்று விசாரிக்க வந்திருக்கிறேன் என்று ஜெனிதா சொன்னதும் எழுந்து கை குலுக்கினான்.

செம்புத் தட்டில் முதல் காப்பி வந்தது. நீளக் காம்புச் செம்பு, பிடியில்லாத சின்னக் கிண்ணங்கள், சர்க்கரைக் கட்டி. ஜெனிதா ஆங்கிலத்தில் வானிலை பேசினாள். ஃபிக்ரெத் உள்ளூர்ப் பேச்சில், முகம் நிறையச் சிரிப்போடு அவனைப் பார்த்துச் சொன்னான்: "இவன் மண்டையைப் பாரேன் தலைவி, உரிச்ச கோழி மாதிரி. இவங்கப்பன் இவனைப் பெத்தானா, பேரம் பேசி வாங்கினானா?"

டென்மார்க்காரன் மரியாதையாகப் புன்னகைத்தான். ஒரு தசைகூடத் தப்பாக அசையவில்லை.

ஒன்று, நிஜமாகவே புரியவில்லை. இல்லையென்றால் கெட்டிக்காரன். வார்த்தையால் இவனைப் பிடிக்க முடியாது என்று ஜெனிதா முடிவு செய்தாள். காது பொய் சொல்லப் பழகிவிடும். பழக்கம் பொய் சொல்லாது.

இரண்டாவது காப்பி வந்தது. அவன் கொஞ்சம் இளகினான். வீடு எத்தனை பழசு, குளிருக்கு விறகு அடுப்பா என்றெல்லாம் கேட்டான். ஜெனிதா மொழிபெயர்த்தாள். முனெவெராகூடத் தன்னை மறந்து சிரித்துப் பதில் சொன்னாள். பேச்சு நன்றாகச் சூடு பிடித்த நேரத்தில் ஜெனிதா சமையலறைக்குள் அவள் பின்னாலேயே போனாள்.

"அத்தை, மூணாவதைக் கொண்டு வாங்க."

முனெவெராவின் கை அடுப்பின்மேல் அப்படியே நின்றது. "இப்பவா? அந்தப் பிள்ளை இன்னும் ரெண்டாவதையே முடிக்கல. பேசிக்கிட்டு இருக்கான். என் வீட்ல இதுவரைக்கும் யாருக்கும் இப்படிப் பண்ணதில்ல."

"பாவம் வந்தா என் தலையில வரட்டும். கொண்டு வாங்க."

கொண்டு வந்தாள். அவன் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. காதோரம் சிவந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். "நன்றி. எனக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும்." வாசலில் செருப்பை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

ஜெனிதா கையைத் தட்டினாள். "மாட்டினான்!"

இந்த ஊரில் முதல் காப்பி வரவேற்க. இரண்டாவது பேச. மூன்றாவது, 'எழுந்து போங்கள்' என்று வாயால் சொல்லாமல் சொல்ல. விரட்டுக் காப்பி. எந்தப் பயணத் திட்டத்திலும் ஜெனிதா இதை எழுதுவதில்லை. எழுதினால் வீட்டுக்காரிகள் அவளை உரித்துவிடுவார்கள், அவர்களுக்கு இருக்கிற ஒரே ஆயுதம் அது. வெளியூர்க்காரன் மூன்றாவது காப்பியைக் கண்டால் காலை நீட்டி உட்கார்ந்து நாலாவது கேட்பான். ஊருக்குப் போய், 'எங்களுக்கு மூன்று காப்பி கொடுத்தார்கள், என்ன விருந்தோம்பல்!' என்று இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போடுவான். மூன்றாவதைக் கண்டதும் முகம் சிவந்து எழுந்து போகிறவன் இந்த மலையில் பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

"நம்மூரான். பேரை மாத்திக்கிட்டு வந்திருக்கான்" என்றாள். "ஃபிக்ரெத் அண்ணே, செருப்பைப் போடுங்க."

"தலைவி, இறக்கத்துல ஆளைப் பின்தொடர்றதுக்கு நான் தயார். திரும்பி ஏறும்போது எனக்குத் தனி ரேட்."

*

சந்து செங்குத்தாக இறங்கியது. வெள்ளைக் கல்லறைகளைத் தாண்டி, பித்தளைத் தட்டு அடிக்கிற சத்தத்தைத் தாண்டி, அவன் ஒரு முறைகூட வழி கேட்காமல் நடந்தான். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஆற்றங்கரைக்கு வந்து ஒரு காப்பிக்கடைக்குள் நுழைந்தான். கடைக்கு எதிரே நோட்டரி அலுவலகம். ஜெனிதாவிடம் அப்பா யாரென்று கேட்ட அதே படிக்கட்டு.

உள்ளே ஜன்னலோர மேசையில் அவனுக்காகக் காத்திருந்தவனைப் பார்த்ததும் ஃபிக்ரெத் மெல்ல விசிலடித்தான். மழமழவென்று சவரம், இறுக்கமான கோட்டு, மேசையில் தயாராகக் காகிதம், மூடி திறந்த பேனா. நெஜாத்.

"நரி கோழிக்கு நாற்காலி இழுத்துப் போடுது" என்றான் ஃபிக்ரெத்.

"ரெண்டும் நரிதான் அண்ணே."

ஜெனிதா நேராகப் போய் அந்த மேசையில் மூன்றாவது நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஆங்கிலத்தை மூட்டை கட்டிவிட்டாள்.

"கதவு திறந்திருக்கு, ஜன்னலும் திறந்திருக்கு. குறுக்குக் காத்து அடிக்குதுல்ல?"

ஓலா ஹோல்மின் கை தானாகச் சட்டைக் காலருக்குப் போயிற்று. பாதியில்தான் அவனுக்கே தெரிந்தது. கையை இறக்கிவிட்டுக் கண்ணை மூடினான்.

"யாரு நீ?" என்றான் நெஜாத்.

"உங்க சித்தியோட ஆளு. ஆள் மாறாட்டம் பண்ணி, ஒரு விதவை வீட்டுக்குள்ள ஒற்றனை அனுப்பறதுக்குச் சட்டத்துல என்ன பேருன்னு சொல்லட்டுமா?"

"சட்டம் படிச்ச பொண்ணா? அப்ப படிச்ச வேலையைப் பாக்க வேண்டியதுதானே. ஓ, கிடைக்கலையா?"

ஜெனிதாவுக்கு உச்சந்தலை சுட்டது. வாயைத் திறக்குமுன் அந்த ஒல்லி ஆள் பேசினான். சுத்தமான வ்ராட்னிக் மேட்டுப் பேச்சு, கொஞ்சம் துருப்பிடித்தது.

"நான் இவரோட ஒற்றன் இல்ல. ஓலா எங்க ஆபீஸ்ல எனக்கு வச்ச பேரு. ஹோல்ம் என் பெண்டாட்டி குடும்பப் பேரு. நான் ஓக்னியென், ஸ்லாவ்கோ மகன். அந்த மாடியறையில பொறந்தவன்."

ஜெனிதா நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினாள். அவன் நிறுத்தவில்லை.

"போர் வந்தப்ப எனக்கு ஒம்பது வயசு. அப்பா ராத்திரியோட ராத்திரியா கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. அப்புறம் சாகறவரைக்கும் அந்த வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. இவரு எனக்கு எழுதினாரு. கோர்ட்டுப் பதிவுல வீடு இன்னிக்கும் எங்கப்பா பேர்லதான் இருக்குதாம். அந்தம்மாவும் புருசனும் காலி வீட்டுல பூட்டை உடைச்சுக் குடியேறினவங்களாம். நான் கையெழுத்துப் போட்டா வித்துப் பாதி தர்றேன்னாரு."

"உண்மைதானே?" நெஜாத் ஜெனிதாவைப் பார்த்துச் சிரித்தான். "பதிவைப் போய்ப் பாரு, வக்கீலம்மா."

பார்க்கத் தேவையில்லை. அவளுக்குத் தெரியும். போர் தொடங்கிய வசந்தத்தில் கைமாறிய எத்தனையோ வீடுகள் அப்படித்தான். பணம் கொடுத்தார்கள், கை குலுக்கினார்கள். பதிவு செய்யப் போவதற்குள் குண்டு விழ ஆரம்பித்தது, நீதிமன்றம் மூடியது. இவன் இன்று கையெழுத்துப் போட்டால், முனெவெரா வழக்குப் போடலாம்தான். தீர்ப்பு வரும்போது வாங்கிக்கொள்ள அவள் இருக்க மாட்டாள்.

"அப்படி நினைச்சிருந்தா நேரா வந்து கேக்க வேண்டியதுதானே? எதுக்குப் பொய்ப் பேரு?"

"பறிச்சவங்க முகம் எப்படி இருக்கும்னு பாக்கணும்னு வந்தேன்." ஓக்னியென் மேசையைப் பார்த்தே பேசினான். "முதல் நாளே எனக்குக் குழம்பிடுச்சு. எனக்கு ரெண்டு போர்வை போட்டாங்க. நான் சாப்பிடறவரைக்கும் அவங்க சாப்பிடல. இன்னிக்குக் காலையில முடிவே பண்ணிட்டேன், இவருகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிடலாம்னு. அப்புறம் மூணாவது காப்பி வந்துது. நல்லாப் பேசிக்கிட்டு இருக்கும்போதே. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் விரட்டறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். நான் பொறந்த வீட்ல எனக்கு விரட்டுக் காப்பி." நெஜாத்தின் பக்கம் கையை நீட்டினான். "பேனாவைக் குடுங்க."

மாட்டினான் என்று ஜெனிதா கையைத் தட்டினாளே, அந்தத் தட்டல் இப்போது கன்னத்தில் விழுந்தது.

"அது நான் பண்ண வேலை!" பேனாவின்மேல் கையை வைத்து அமுக்கினாள். "நான்தான் கொண்டு வரச் சொன்னேன். நீங்க உள்ளூரா வெளியூரான்னு பாக்க வச்ச பொறி. அவங்க மாட்டேன்னாங்க. பிள்ளை பேசிக்கிட்டு இருக்கான், இதுவரைக்கும் யாருக்கும் இப்படிப் பண்ணதில்லன்னாங்க. நான் கேக்கல."

"நல்ல கதை" என்றான் நெஜாத். "சார், மூணு மணிக்கு எதிர்ல மூடிடுவாங்க."

ஓக்னியென் அவளை நம்புவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். சந்தேகப்பட்டே பிழைக்கிறவள் அவள். இன்று அவளைச் சந்தேகிக்கிறான் ஒருவன். நியாயம்தான். ஃபிக்ரெத்தைச் சாட்சிக்கு இழுக்கத் திரும்பினாள். வாசலில் அவன் நின்ற இடம் எப்போதோ காலியாகியிருந்தது.

கெட்ட நேரத்தில் காணாமல் போகிறவனை மனசுக்குள் அவள் திட்டித் தீர்ப்பதற்குள், வாசலில் கார் கிறீச்சிட்டது. உரிமம் இல்லாத டாக்சி. அதிலிருந்து முனெவெரா இறங்கினாள். காலில் வீட்டுச் செருப்பு. கையில் செம்புத் தட்டு, அதன்மேல் துணி சுற்றிய காப்பிச் செம்பு.

பரிசாரகன் ஓடி வந்தான். "அம்மா, வெளிக் காப்பி இங்க கொண்டு வரக்கூடாது."

"தம்பி, உங்க காப்பியை நான் குடிச்சிருக்கேன்" என்றான் ஃபிக்ரெத். "போலீசைக் கூப்பிட்டா உனக்குத்தான் ஆபத்து."

முனெவெரா தட்டை மேசையில் வைத்தாள், நங்கென்று. இடுப்பில் கை ஊன்றினாள்.

"ஸ்லாவ்கோ மகனா நீ? கடை வாசல்ல நின்னு உன் பேரைக் கேட்டதுமே இவன் ஓடி வந்து சொன்னான். ஏண்டா, பொறந்த வீட்டுக்கு எவனாவது பொய்ப் பேரு வச்சுக்கிட்டு வருவானா? வாசல்ல நின்னு பேரைச் சொல்லியிருந்தா அடுப்பை மூட்டி ஆட்டுக்கறி சமைச்சிருப்பேனே! டேனிஷ்காரனா வந்தே, அதான் இவ பேச்சைக் கேட்டு அந்த மூணாவதை வச்சேன், எனக்கே மனசு ஒப்பல!"

"அம்மா, நீங்க பூட்டை உடைச்சுக் குடியேறினதா..."

"யாரு சொன்னா? இவனா?" நெஜாத்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்கப்பாதான் சாவியை என் கையில குடுத்தாரு. பணத்தை எண்ணக்கூட இல்ல. படியில நின்னு அழுதுட்டுச் சொன்னாரு: 'முனெவெரா, எதை வேணா மாத்திக்க. அந்த அக்ரூட் மரத்தை மட்டும் வெட்டாதே. பையன் நட்டது. வெண்ணெய் போட்டா சீக்கிரம் வளரும்னு எவனோ சொன்னானாம், வீட்டு வெண்ணெயையெல்லாம் வேருல போட்டுப் புதைச்சிருக்கான்'னு." மூச்சு வாங்கினாள். "இத்தனை வருசமா என் குழாயை உடைக்குது அந்தச் சனியன். வெட்டல நான். வாக்குக் குடுத்துட்டேன்."

ஓக்னியெனின் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று ஜெனிதாவுக்குத் தெரியவில்லை.

"வெண்ணெய் போட்டதுக்கு அடி வாங்கினேன்" என்றான். "வீட்ல இருந்தவங்களைத் தவிர அது யாருக்கும் தெரியாது."

பூட்டை உடைத்து நுழைகிறவனுக்கு யாரும் மரத்தின் கதையைச் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஜெனிதா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. ஓக்னியென் நெஜாத்தின் பேனாவை எடுத்தான். நெஜாத்தின் முகம் மலர்ந்தது. ஓக்னியெனோ அதை மேசைக்குக் குறுக்கே நீட்டி ஜெனிதாவின் கையில் வைத்தான்.

"சட்டம் படிச்சவங்கன்னு இவரு சொன்னாரே. எங்கப்பா இந்த வீட்டை ஹம்தியாவுக்கு வித்துட்டாரு, எனக்கு அதுல எந்த உரிமையும் இல்ல, பதிவை மாத்திக்கலாம்னு எழுதுங்க. எதிர்ல போயி நான் கையெழுத்துப் போடறேன்."

ஜெனிதா நெஜாத்தின் காகிதத்தையே எடுத்துத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. எழுத ஆரம்பித்தாள்.

முனெவெரா துணியை அவிழ்த்தாள். கொண்டு வந்த கிண்ணங்களில் ஒன்றை ஓக்னியென் முன்னால் வைத்து நிரப்பினாள். "இது முதல் காப்பி. மெதுவாக் குடி."

அடுத்த கிண்ணத்தை நெஜாத்தின் முன்னால் வைத்தாள். ஊற்றினாள்.

"சித்தி, எனக்கு எதுக்கு..."

"உனக்கு முதலும் கிடையாது, ரெண்டாவதும் கிடையாது, கண்ணு. நேரா இதுதான்."

நெஜாத் கிண்ணத்தைப் பார்த்தான். மேசைக்கு மேசை தலைகள் திரும்பியிருந்தன. அந்தக் கடையில் அதற்கு அர்த்தம் தெரியாதவன் ஒருவனும் இல்லை. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனான். போகிற வேகத்தில் கதவைத் திறந்தபடி விட்டுப் போனான்.

ஓக்னியென் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

ஃபிக்ரெத் நெஜாத்தின் நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிக்கொண்டிருந்த அந்தக் கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினான்.

"அண்ணே, அது விரட்டுக் காப்பி" என்றாள் ஜெனிதா, எழுத்திலிருந்து தலை நிமிராமல்.

"தெரியும் தலைவி." ஒரே மடக்கில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தான். "அதான் குடிச்சிட்டுப் போறேன். எதிர்ல போயி, டிராம் டிரைவர் பொண்ணு வருது, நாற்காலியைத் துடைச்சு வைங்கடான்னு சொல்ல வேணாமா?"